பாறைக்குள் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும்? பெர்மியபிலிட்டியைக் கணக்கிடும் வழி

ஒரே ஆழத்தில் எடுத்த இரண்டு மணற்கல் துண்டுகள். இரண்டிலும் துளைகளின் பங்கு 18 சதவீதம். ஒன்றின் வழியாக எண்ணெய் தாராளமாக ஓடுகிறது, 200 மில்லிடார்சி (ஓட்ட எளிமையின் அலகு). மற்றதில் 2 மில்லிடார்சிதான். கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. துளையையும் துளையையும் இணைக்கும் கழுத்து ஒன்றில் அகலம், மற்றதில் குறுகல், அவ்வளவுதான். கிணறு லாபத்தில் ஓடுமா என்பதை அந்தக் கழுத்துகள்தான் தீர்மானிக்கின்றன.

பாறை எவ்வளவு எளிதாக ஓட விடுகிறது என்பதன் அளவுதான் பெர்மியபிலிட்டி. தமிழில் ஊடுருவுதிறன் என்று எழுதலாம். வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் பெர்மியபிலிட்டி என்றே சொல்வதால் இங்கும் அப்படியே. இதன் அடிப்படை 1856-இல் வந்தது. பிரான்சின் டிஜோன் நகரக் குடிநீர்த் திட்டத்தைக் கட்டிய என்றி டார்சி, மணல் நிரப்பிய குழாயில் தண்ணீரை விட்டு அளந்தார். ஓட்டம், அழுத்த வித்தியாசத்துக்கும் குறுக்குப் பரப்புக்கும் நேர்விகிதத்தில் கூடுகிறது, நீளம் கூடினால் குறைகிறது என்று கண்டார். ஒரு சென்டிபாய்ஸ் பாகுநிலை (ஓடத் தயங்கும் அளவு) உள்ள திரவம், சென்டிமீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் குறையும்போது, ஒரு சதுர செ.மீ. பரப்பின் வழியே விநாடிக்கு ஒரு கன செ.மீ. ஓடினால் அந்தப் பாறைக்கு ஒரு டார்சி. எண்ணெய்ப் பாறைகளுக்கு இது பெரிய அலகு. அதனால் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிடார்சியில் பேசுகிறோம்.

எந்த எண்ணைக் கையில் எடுத்தாலும் நான்கு கேள்விகளை முதலில் கேளுங்கள். எந்தத் திசையில் அளந்தது? எந்தத் திரவத்தைக் கொண்டு? பாறை மேல் எவ்வளவு அழுத்தம் இருந்தபோது? எத்தனை பெரிய பாறையில்? விரல் நீளக் கல்லில் வாயுவை விட்டு அளந்த எண்ணும், நூற்றுக்கணக்கான அடி தூரத்தைத் தொட்டு வரும் கிணற்றுச் சோதனை எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. அவற்றை ஒன்றோடு ஒன்று பொருத்தத் தெரிவதுதான் இந்த வேலையின் உயிர்.

கோர் பிளக்கில் அளப்பது

துளையிடும்போது எடுத்த உருளைப் பாறை மாதிரியான கோரிலிருந்து ஒரு அங்குலம் அல்லது ஒன்றரை அங்குல விட்டத்தில் உருளைத் துண்டுகளை வெட்டுகிறார்கள். இதுதான் பிளக். அடிக்கு ஒன்று என்று ஒரே இடைவெளியில், படுகைக்கு (பாறை அடுக்குக்கு) இணையாக வெட்டச் சொல்லுங்கள். "நல்ல இடமாகப் பார்த்து" வெட்டினால் கணக்கு அங்கேயே கோணிவிடும். உதிரும் மணல்தான் பல நேரம் மிக நன்றாக ஓட விடும் பாறை. அது வெட்டும்போதே நொறுங்கிப்போய் அட்டவணையில் வராமல் போகும். பிளக் எடுக்க முடியாத இடங்களையும் பதிவில் குறித்து வையுங்கள், பின்னால் வித்தியாசத்தை விளக்க அது தேவைப்படும்.

அடுத்து சுத்தம் செய்தல். எண்ணெய் போக டொலுவின், உப்பு போக மெத்தனால், இரண்டும் கரைப்பானைக் காய்ச்சித் திரும்பத் திரும்ப வடிக்கும் சாக்ஸ்லெட் கருவியில். உப்பு போய்விட்டதா என்று பார்க்க, வடிந்து வரும் மெத்தனாலில் வெள்ளி நைட்ரேட் கரைசல் ஒரு சொட்டு விடுங்கள். வெண்மையாகக் கலங்கினால் உப்பு இன்னும் இருக்கிறது, தொடருங்கள். மீந்த உப்பு காய்ந்ததும் கழுத்துகளில் படிகமாகி அடைத்துக்கொள்ளும், எண் குறைவாக வரும்.

உலர்த்தும்போதுதான் அதிகம் கெடுகிறது. களிமண் இல்லாத மணற்கல்லைச் சாதாரண அடுப்பில் 100 டிகிரிக்குச் சற்று மேல் உலர்த்தலாம். களிமண் உள்ளதென்றால் 60 டிகிரி செல்சியஸ், 40 சதவீத அளவில் ஈரப்பதம் காக்கும் அடுப்பு வேண்டும். இலைட் என்ற களிமம் துளைகளுக்குள் மயிரிழைகள் போல வளர்ந்து நிற்கும். நிலத்தடியில் நீரில் நனைந்து நிற்கும்போது இழைகள் வழியை மறிக்கின்றன. காயவிட்டால் சுவரோடு ஒட்டிப் படுத்துவிடுகின்றன, வாயு தடையின்றிப் போகிறது. ஆய்வகத் தாளில் வரும் எண் உண்மையைவிடப் பல மடங்கு அதிகமாகிவிடும். மின்னணு நுண்நோக்கிப் படத்தில் இலைட் இழைகள் தெரிந்தால், ஈரப்பதம் காக்கும் அடுப்பையும் நம்பாமல், மாறுநிலை உலர்த்தல் முறையில் (இழைகள் படுத்துவிடாதபடி உலர்த்துவது) சில பிளக்குகளை அளந்து ஒப்பிடுங்கள்.

இனி அளவீடு. பிளக்கை ரப்பர் உறைக்குள் வைத்து, வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்து இறுக்கி, ஒரு முனையில் நைட்ரஜனை விடுகிறோம். உறை சரியாக இறுகாவிட்டால் வாயு கல்லுக்குள் போகாமல் ஓரமாக நழுவிவிடும். இதைக் கண்டுபிடிக்க, அதே விட்டத்தில் ஓர் எஃகு உருளையை வைத்து ஓட்டிப் பாருங்கள். ஓட்டம் சுழியாக இருக்க வேண்டும்.

வாயு அழுத்தம் குறையும்போது விரிவதால் சூத்திரத்தில் அழுத்தங்களின் வர்க்கம் வருகிறது:

பெர்மியபிலிட்டி (மில்லிடார்சி) = 2000 × ஓட்டம் × பாகுநிலை × வெளி அழுத்தம் × நீளம் ÷ [பரப்பு × (நுழைவு அழுத்தத்தின் வர்க்கம் − வெளியேறும் அழுத்தத்தின் வர்க்கம்)]

இதில் "வெளி அழுத்தம்" என்பது ஓட்டத்தை அளந்த இடத்து அழுத்தம். ஓர் எடுத்துக்காட்டு. நீளம் 5 செ.மீ., விட்டம் 2.54 செ.மீ., ஆகவே பரப்பு 5.07 சதுர செ.மீ. நைட்ரஜனின் பாகுநிலை 0.0178 சென்டிபாய்ஸ். நுழைவில் 2 வளிமண்டலம், வெளியில் 1, ஓட்டம் விநாடிக்கு 1.5 கன செ.மீ. மேலே 267 வருகிறது, கீழே 5.07 × (4 − 1) = 15.2. விடை 17.6 மில்லிடார்சி.

இந்த இடத்தில் அடிக்கடி நடக்கும் பிழை: கேஜ் காட்டும் அழுத்தத்தை அப்படியே போட்டுவிடுவது. கேஜில் நுழைவு 1, வெளி 0 என்று இருக்கும். வர்க்க வித்தியாசம் 3-க்குப் பதில் 1 ஆகி, விடை 53 என்று மூன்று மடங்காகப் பெருத்து நிற்கும். வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டிய முழு அழுத்தத்தைத்தான் போட வேண்டும்.

17.6 கிடைத்ததும் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து மறுபடி அளந்து பாருங்கள். விடை கணிசமாகக் கூடினால் இரண்டு காரணங்களில் ஒன்று. வேகம் அதிகமாக இருந்ததால் டார்சி விதி முறிந்திருக்கலாம். நல்ல ஓட்டமுள்ள கற்களில் இது வரும், ஓட்டத்தைக் குறைத்தால் சரியாகும். இல்லையென்றால் வாயு மூலக்கூறுகள் துளைச் சுவரில் வழுக்குகின்றன. இதை 1941-இல் கிளிங்கன்பெர்க் விளக்கினார். அழுத்தம் குறையக் குறைய வாயு சுவரை ஒட்டி நழுவி, உள்ளதைவிட எளிதாகப் போவதுபோலக் காட்டும்.

திருத்தும் முறை எளிது. குறைந்தது மூன்று சராசரி அழுத்தங்களில் அளங்கள். நம் பிளக்கில் சராசரி 1.5 வளிமண்டலத்தில் 17.6, 2.5-இல் 16.5, 4-இல் 15.8 வந்ததாகக் கொள்வோம். கிடை அச்சில் சராசரி அழுத்தத்தின் தலைகீழை (0.67, 0.40, 0.25), நெட்டச்சில் பெர்மியபிலிட்டியைப் போட்டுக் கோடு இழுத்து, சுழி வரை நீட்டுங்கள். ஏறத்தாழ 14.8-இல் வெட்டும். திரவத்துக்குப் பொருந்தும் எண் அதுதான். நூறு மில்லிடார்சிக்கு மேல் இந்தத் திருத்தம் சிறியது. ஒன்றுக்குக் கீழே போனால் இதைச் செய்யாத எண்ணை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. 0.1-க்கும் கீழே போனால் நிலையான ஓட்டத்துக்காகக் காத்திருப்பதும் வீண். அழுத்தத் துடிப்பு ஒன்றைக் கொடுத்து அது தணியும் வேகத்தைப் பார்க்கும் முறைக்கு மாறுங்கள்.

திரவத்தை விட்டே அளப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: நல்ல தண்ணீர் கூடாது. உப்பு குறைந்த நீர் பட்டால் சில களிமண்கள் ஊதும், கயோலினைட் துகள்கள் கழன்று போய்க் கழுத்தை அடைக்கும். அந்தப் பாறையின் நீரில் உள்ள உப்புகளையே சேர்த்துச் செய்த கரைசலை, மெதுவாக விடுங்கள்.

வழக்கமான ஆய்வக அளவீடு சில நூறு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) இறுக்கத்தில் நடக்கிறது. நிலத்தடியில் நிலைமை வேறு. மேலே இருக்கும் பாறையின் எடை அடிக்கு ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ, துளையில் உள்ள திரவம் தாங்குவது சாதாரண நிலையில் அடிக்கு 0.45 அளவு. 8000 அடியில் நிகரமாக 4400 பிஎஸ்ஐ பாறையை நசுக்குகிறது. பக்கவாட்டு அழுத்தம் இதைவிடக் குறைவு என்பதால் ஆய்வகத்தில் எல்லாப் பக்கமும் 4400 கொடுப்பது கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் திசை சரி. நல்ல மணற்கல்லில் இழப்பு சொற்பம். இறுகிய பாறையில் பாதிக்கு மேல் போய்விடும். எல்லா பிளக்குகளையும் இப்படி அளப்பது செலவு. அதனால் ஒவ்வொரு பாறை வகைக்கும் நாலைந்தைத் தேர்ந்து, மூன்று நான்கு அழுத்தங்களில் அளந்து, அந்த விகிதத்தை மற்றவற்றுக்குப் போடுங்கள்.

கோர் இல்லாத இடத்தில்: லாக்

எல்லாக் கிணற்றிலும் கோர் எடுக்க மாட்டார்கள். லாக் என்பது கிணற்றுக்குள் கருவியை இறக்கி ஆழத்துக்கு ஆழம் பாறையின் பண்புகளைப் பதிவது. லாக் கருவிகள் எதுவும் பெர்மியபிலிட்டியை நேராக அளப்பதில்லை என்பதை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். போரோசிட்டியையும் (துளைகளின் பங்கு) நீரின் பங்கையும் அளந்து, அதிலிருந்து ஊகிக்கிறோம்.

டிமுர் 1968-இல் தந்த உறவு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 0.136 × (போரோசிட்டியின் 4.4-ஆம் அடுக்கு) ÷ (நகராத நீர்ப் பங்கின் வர்க்கம்). நகராத நீர் என்பது துளைகளில் பிடிபட்டு ஓடாமல் நிற்கும் நீர். இரண்டும் சதவீதத்தில். போரோசிட்டி 18, நகராத நீர் 25 என்றால் சுமார் 73 மில்லிடார்சி. நீர் 35 என்றால் 37. போரோசிட்டியை 18-க்குப் பதில் 20 என்று வாசித்துவிட்டால் விடை 60 சதவீதம் கூடிவிடும். லாக் வாசிப்பில் இரண்டு சதவீதப் பிழை சர்வ சாதாரணம். ஆகவே இந்தச் சூத்திரம் தரும் எண்ணை எவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பது என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. இன்னொன்று, இது வட அமெரிக்க மணற்கல் மாதிரிகளிலிருந்து பிறந்தது. சுண்ணாம்புக் கல்லுக்கு இதை அப்படியே போடாதீர்கள். எண்ணெய்-நீர் எல்லைக்கு அருகிலும் போடாதீர்கள், அங்கே இருக்கும் நீரில் ஒரு பகுதி நகரும் நீர். அதை நகராத நீராகக் கணக்கில் எடுத்தால் பெர்மியபிலிட்டி பொய்யாகக் குறையும்.

அணுக்காந்த ஒத்திசைவு லாக் இருந்தால் நிலைமை மேல், ஏனென்றால் அது துளையின் பருமனை உணர்கிறது. டிமுர்-கோட்ஸ் முறையில், போரோசிட்டி சதவீதத்தைப் பத்தால் வகுத்து நான்காம் அடுக்கு எடுத்து, நகரும் திரவத்துக்கும் நகராததற்கும் உள்ள விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். போரோசிட்டி 18, நகரும் பங்கு 12, நகராதது 6 என்றால் 10.5 × 4 = 42 மில்லிடார்சி. சமிக்ஞை தணியும் நேரத்தில் நகரும், நகராத எல்லையை எங்கே வெட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மணற்கல்லுக்கு 33 மில்லிவிநாடி, சுண்ணாம்புக்கு 92 என்பது வழக்கம். வெட்டும் இடம் கொஞ்சம் நகர்ந்து 13-க்கு 5 என்று ஆனால் அதே பாறை 71 மில்லிடார்சி காட்டும். முடிந்தால் சில பிளக்குகளைச் சுழல் பொறியில் சுற்றி நீரை வெளியேற்றி, உங்கள் பாறைக்கான வெட்டு நேரத்தைக் கண்டுபிடியுங்கள். வாயு நிறைந்த இடத்தில் ஹைட்ரஜன் அடர்த்தி குறைவு என்பதால் போரோசிட்டி குறைந்து தெரியும். கெட்டியான எண்ணெய் நகராத நீர் போல வேடமிடும். இரண்டுமே விடையைக் கீழே இழுக்கும்.

கோரும் லாகும் சேர்ந்திருக்கும் கிணற்றில், போரோசிட்டிக்கு எதிராகப் பெர்மியபிலிட்டியின் மடக்கையைப் போட்டு ஒரே கோடு இழுப்பது பலரின் பழக்கம். அதற்கு முன் கோரின் ஆழத்தை லாகின் ஆழத்தோடு பொருத்துங்கள். துளையிடும் குழாயின் அளவும் கம்பியின் அளவும் சில அடி வேறுபடும், மெல்லிய படுகைகளில் அந்த சில அடி மணலைக் களிமண்ணோடு சேர்த்துவிடும். பிறகு, ஒரே கோடு போதாது. பெர்மியபிலிட்டியைப் போரோசிட்டியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்து 0.0314-ஆல் பெருக்குங்கள். அதைப் போரோசிட்டிக்கும் திடப் பங்குக்கும் உள்ள விகிதத்தால் வகுங்கள். (இங்கே போரோசிட்டி பின்னமாக, அதாவது 0.18 என்று.) வருவது ஓட்ட மண்டலச் சுட்டெண். அது நெருங்கி வரும் பிளக்குகள் ஒரே வகைக் கழுத்துகள் கொண்டவை. வகைக்கு ஒரு கோடு இழுத்தால் சிதறல் பெருமளவு அடங்கும்.

மடக்கைக் கோட்டில் ஒரு மறைமுகக் குறை உண்டு. அது தருவது பெருக்கல் சராசரி. ஓட்டத்தைத் தூக்கிச் செல்லும் உயர்ந்த மதிப்புகளை அது நசுக்கிவிடும். பத்தடிமான மடக்கையில் சிதறல் 0.4 என்றால் கோடு தரும் எண்ணை ஏறக்குறைய 1.5-ஆல் பெருக்கினால்தான் உண்மையான சராசரி வரும்.

கிணற்றையே கேட்பது: வெல் டெஸ்ட்

கிணற்றைச் சில காலம் ஒரே அளவில் ஓடவிட்டு, மூடி, அடியில் அழுத்தம் ஏறுவதைப் பார்ப்பதுதான் பில்ட் அப் சோதனை. ஹார்னர் 1951-இல் காட்டிய வழி: ஓடிய நேரத்தோடு மூடிய நேரத்தைக் கூட்டி, மூடிய நேரத்தால் வகுத்து, அதன் மடக்கைக்கு எதிராக அழுத்தத்தைப் போடுங்கள். நேர்கோடாக வரும் பகுதியின் சரிவு, ஒரு மடக்கைச் சுற்றுக்கு எத்தனை பிஎஸ்ஐ என்பது, நமக்கு வேண்டியது.

பெர்மியபிலிட்டி = 162.6 × ஓட்டம் × கன விரிவுக் காரணி × பாகுநிலை ÷ (சரிவு × தடிமன்)

மேலே ஒரு பீப்பாயாக வரும் எண்ணெய் பாறைக்குள் எத்தனை பீப்பாயாக இருந்தது என்பதுதான் கன விரிவுக் காரணி.

நாளுக்கு 250 பீப்பாய், விரிவுக் காரணி 1.25, பாகுநிலை 0.9 சென்டிபாய்ஸ், சரிவு 50, தடிமன் 40 அடி. விடை 22.9 மில்லிடார்சி. சோதனை உண்மையில் அளப்பது பெர்மியபிலிட்டியும் தடிமனும் சேர்ந்த பெருக்கத்தைத்தான், இங்கே 915 மில்லிடார்சி-அடி. தடிமனைத் தப்பாகப் போட்டால் 22.9 தப்பு, 915 சரி. அறிக்கையில் இரண்டையும் எழுதுங்கள்.

எந்தப் பகுதி நேர்கோடு என்பதில்தான் மோசம் போகிறார்கள். மூடியதும் முதலில் தெரிவது பாறையின் குரல் இல்லை, குழாய்க்குள் இருக்கும் திரவம் அமுங்கும் சத்தம். அங்கேயும் ஒரு துண்டு நேராகத்தான் தெரியும், கண் ஏமாறும். அதனால் போர்டே குழுவினர் 1983-இல் தந்த அழுத்த வகைக்கெழுவையும் (அழுத்தம் மாறும் வேகம்) இரட்டை மடக்கைத் தாளில் போடுங்கள். தொடக்கத்தில் 45 டிகிரியில் ஏறும், ஒரு திமில் போல எழும், பிறகு சமதளமாகும். நேர்கோடு இழுக்க வேண்டியது அந்தச் சமதளக் காலத்தில்தான். 45 டிகிரி முடிந்த இடத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மடக்கைச் சுற்று கழிந்த பிறகுதான் சமதளம். அந்த 45 டிகிரி ஏற்றம் அரை மணியில் முடிந்தால், உங்கள் தரவு 15 மணி நேரத்துக்கு அருகில்தான் பேசத் தொடங்கும். அதற்குள் கிணற்றைத் திறந்துவிட்டால் சோதனை வீண். மூடும் வால்வை மேலே வைக்காமல் அடியில் வைத்தால் இந்தக் காத்திருப்பு வெகுவாகக் குறையும்.

கிணற்றோரம் துளையிடும் சேற்றால் அடைபட்டிருந்தால் அதை ஸ்கின் என்று தனியாகப் பிரித்தெடுக்கலாம். நேர்கோட்டில் ஒரு மணி நேர அழுத்தத்துக்கும் மூடும் முன் இருந்த அழுத்தத்துக்கும் வித்தியாசம் 520 பிஎஸ்ஐ, போரோசிட்டி 0.18, மொத்த அமுக்கத்தன்மை பிஎஸ்ஐக்கு பத்து லட்சத்தில் 15, கிணற்று ஆரம் 0.354 அடி என்று வைத்தால் ஸ்கின் +6.6 வருகிறது. 0.87 × 50 × 6.6 = 287 பிஎஸ்ஐ அந்தச் சின்ன வளையத்திலேயே கரைகிறது. இதைப் பிரிக்காமல், வெறும் உற்பத்தியையும் மொத்த அழுத்த வித்தியாசத்தையும் வைத்துக் கணக்கிட்டால் நல்ல பாறையை மட்டமான பாறை என்று எழுதிவிடுவீர்கள். பாறையைக் குறை சொல்லிக் கைவிட்ட கிணறு, உண்மையில் அமிலம் கொடுத்துக் கழுவியிருந்தால் ஓடியிருக்கும்.

அதே எண்களில் 24 மணி நேரச் சோதனை எட்டிப் பார்க்கும் தூரம் சுமார் 490 அடி. கம்பியில் இறக்கி ஒரு புள்ளியில் சிறிது திரவத்தை உறிஞ்சும் சோதனைக் கருவி எட்டுவது சில அங்குலம், சில அடி. அது தருவதும் பெர்மியபிலிட்டியைப் பாகுநிலையால் வகுத்த எண், பெரும்பாலும் சேற்று வடிநீருக்கு உரியது. எந்த அடி ஓடும், எது ஓடாது என்று தரம் பிரிக்க அது நல்லது.

எண்களைப் பொருத்துவது

கோரில் மூன்று படுகைகள் என்று வைப்போம்: 10 அடிக்கு 80 மில்லிடார்சி, 25 அடிக்கு 12, 5 அடிக்கு 0.5. எல்லாம் வழுக்கல் திருத்தமும் அழுத்தத் திருத்தமும் முடிந்த எண்கள். எண்ணெய் படுகைக்கு இணையாகக் கிணற்றுக்கு வரும்போது தடிமனால் எடையிட்ட கூட்டுச் சராசரி பொருந்தும்: 27.6. நீரோ வாயுவோ படுகைகளைக் குறுக்கே கடந்து மேலும் கீழும் போகும்போது இசைச் சராசரி: 3.3. ஒழுங்கில்லாமல் கலந்து கிடந்தால் பெருக்கல் சராசரி: 13. கல் ஒன்றுதான், கேள்வி மாறினால் எண் எட்டு மடங்கு மாறுகிறது.

வெல் டெஸ்ட் 22.9 என்றது, கோர் 27.6 என்கிறது. சண்டை இல்லை. பாறையில் நகராத நீரும் இருப்பதால் எண்ணெய்க்கு முழு வழியும் கிடைக்காது. சார்பு பெர்மியபிலிட்டி சோதனையில் (எண்ணெயும் நீரும் சேர்ந்திருக்கையில் ஒவ்வொன்றுக்கும் எத்தனை பங்கு வழி என்று பார்ப்பது) அந்த நீர்ப் பங்கில் எண்ணெய்க்கு 0.85 கிடைத்திருந்தால், 27.6 × 0.85 = 23.5. பொருந்திவிட்டது.

பொருந்தாவிட்டால், கிணற்று எண் பல மடங்கு கூடுதலா என்று முதலில் பாருங்கள். அப்படியென்றால் விரிசல்கள் இருக்கலாம், அல்லது நொறுங்கிப்போய் பிளக் ஆகாத மணல்தான் ஓட்டத்தைச் சுமக்கிறது. ஓட்ட லாக் இறக்கினால் எந்த அடியிலிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். கிணற்று எண் குறைவென்றால் துளையிட்ட தடிமன் முழுவதும் திறந்திருக்கிறதா, அழுத்தம் குமிழிப் புள்ளிக்கு (எண்ணெயில் கரைந்த வாயு பிரியத் தொடங்கும் அழுத்தம்) கீழே போய் வாயு பிரிந்ததா, களிமண் இழைகள் உலர்ந்து கோர் எண் ஊதிப்போனதா என்று அந்த வரிசையில் பாருங்கள். லாக் எண்களை ஒரே காரணியால் பெருக்கி வெல் டெஸ்ட்டுக்குச் சமமாக்குவது கடைசி வழி. காரணம் தெரியாமல் அதைச் செய்தால் அடுத்த கிணற்றில் அதே காரணி உங்களை ஏமாற்றும்.

செங்குத்துத் திசையை எப்போதும் கடைசியில் விட்டுவிடுகிறார்கள். நீர் கீழிருந்து கூம்பாக ஏறுமா என்பது அதைப் பொறுத்தது. செங்குத்தாக வெட்டிய பிளக்குகளின் எண்ணை மட்டும் நம்பாதீர்கள், ஏனென்றால் அவற்றை மணலில்தான் வெட்டுவார்கள், வழியை அடைக்கும் ஒரு அங்குலக் களிமண் இழையில் வெட்டுவதில்லை. கோர் படங்களில் அந்த இழைகளை எண்ணி, ஒவ்வொன்றின் தடிமனையும் அளந்து, இசைச் சராசரியில் சேருங்கள். பிறகு அவை அடுத்த கிணற்றின் கோரிலும் அதே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது தடுப்பு, அந்தச் சராசரி செல்லும். இல்லாவிட்டால் நீர் சுற்றிக்கொண்டு வரும், சராசரி காட்டுவதைவிடச் சீக்கிரமாகவே வரும்.